அஞ்சக் கற்பிப்பதும் அன்பே

பெற்றோரின் அன்பு இரண்டு குரல்களில் பேசுகிறது. 'என் பிள்ளைக்கு எந்தத் துன்பமும் வரக் கூடாது' என்பது ஒரு குரல். 'எந்தத் துன்பம் வந்தாலும் என் பிள்ளை தாங்கி நிற்க வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து எழுபவை. அமைதியான நாட்களில் இவற்றிடையே முரண்பாடு தோன்றுவதில்லை. ஆனால் ஆபத்து எதிரே வந்து நிற்கும்போது ஒரு குரலுக்குச் செவிசாய்த்தால் மற்றொன்றை ஒதுக்க வேண்டியதாகிறது. அப்போது பெற்றோரின் கடமை யாது? ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பதா, ஆபத்துக்குப் பிள்ளையைப் பழக்குவதா?

இவ்வினாவுக்குப் பொதுவான விடை கூறுவது எளிது; 'இரண்டும் வேண்டும்' என்று கூறி முடித்துவிடலாம். அவ்விடை யாருக்கும் உதவாது. ஆகவே, இவ்வினா ஏட்டில் அல்லாமல் வாழ்விலேயே எழுகின்ற ஓர் இடத்திற்குச் சென்று அதை ஆராய்வோம்.

விழிஞ்ஞத்தில் ஒரு மழைக்கால இரவு

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரத்திற்கு அருகே உள்ளது விழிஞ்ஞம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அக்கடற்கரையின் பெரும்பகுதியில் அலைகள் கரையை மோதி உடைப்பதால் படகுகளை இறக்குவது கடினம். விழிஞ்ஞத்தில் மட்டும் பாறை முனைகளின் அரவணைப்பில் இயற்கையான வளைகுடா அமைந்திருப்பதால், சுற்றுவட்டாரக் கிராமங்களின் மீனவர்கள் தம் படகுகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றனர். கணவாயும் நெத்திலியும் வாளையும் கிடைக்கும் காலம் அது. மீன் மிகுதியாகக் கிடைக்கும் காலமும் கடல் மிகவும் சீறும் காலமும் ஒன்றாக இருப்பது இக்கடற்கரையின் விதி.

அங்கிருந்து ஒரு தந்தையும் மகனும் இரவு மீன்பிடிக்கப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பிற்பகலில் ஐஸ், மண்ணெண்ணெய், குடிநீர், சோற்றுப் பாத்திரம் ஆகியவற்றை ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் ஒழுக்குவலையை இறக்குகிறார்கள். மேலே மிதவைகளும் கீழே எடைகளும் கட்டிய அவ்வலை நீருக்குள் ஒரு சுவர் போலத் தொங்கும். அதன் ஒரு முனையைப் படகின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், கட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இரவு முழுவதும் நீரோட்டம் வலையையும் படகையும் சேர்த்து இழுத்துச் செல்லும். விடிவதற்கு முன் வலையை இழுத்து மீனெடுத்துத் திரும்ப வேண்டும்.

நள்ளிரவில் காற்று கடுமையாகிறது, மழை கண்ணை மறைக்கிறது, அலைகள் உயர்கின்றன. வலை இன்னும் நீரில் இருக்கிறது. மகனுக்கு இது முதல் மழைக்கால இரவு. இந்நிலையில் அத்தந்தை செய்தது சரிதானா என்பதே நம் வினா.

சட்டம் வரைந்த கோடு

முதலில் சட்டம் கூறுவதைப் பார்த்துவிடுவோம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதிக்கிறது; ஆனால் அபாயமான வேலையில் ஈடுபடக் கூடாது. 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள் மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியையும் விலக்குகின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் இயற்றிய மீன்பிடித் தொழில் உடன்படிக்கை, பொதுவாகப் பதினாறு வயதைக் குறைந்தபட்சமாக வைத்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் இரவு வேலையைத் தடுக்கிறது.

இக்கோடுகள் தேவையானவை. பன்னிரண்டு வயதுச் சிறுவனைச் சீறும் கடலுக்கு இரவில் அழைத்துச் செல்வதை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த இயலாது. ஏனெனில் அச்சிறுவனால் உண்மையில் 'வரமாட்டேன்' என்று கூற இயலாது. மறுக்க இயலாதவனின் சம்மதம் சம்மதமாகாது.

எனவே நம் மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது என்றே கொள்வோம். சட்டத்தின் வினா இங்கே முடிந்துவிடுகிறது; அறத்தின் வினா முடிவதில்லை. தந்தையின் கண்ணுக்கு அவன் இன்னும் பிள்ளைதான். கரையில் விழித்துக் காத்திருக்கும் தாய்க்கு அவன் எப்போதும் பிள்ளைதான்.

பிளேட்டோ எழுப்பிய அதே வினா

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் இவ்வினாவை எழுப்பியுள்ளார். நாட்டைக் காக்கப்போகும் வீரர்களின் பிள்ளைகளைப் போர்க்களத்திற்கு அழைத்துச் செல்லலாமா என்பது அங்கே விவாதம். குயவரின் பிள்ளைகள் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் நெடுங்காலம் அருகிலிருந்து பார்த்தே தொழிலைக் கற்கின்றனர். போரும் அவ்வாறே கற்கப்பட வேண்டாமா என்கிறார் சாக்ரடீஸ். தோல்வி நேர்ந்தால் பிள்ளைகளையும் இழந்துவிடுவோமே என்று எதிரிலிருப்பவர் கேட்கிறார். ஆபத்தே இல்லாத வாழ்வு என்று ஒன்று இல்லை, வெற்றி பெற்றால் பிள்ளை மேம்படும் என்ற இடத்திலாவது ஆபத்தை ஏற்க வேண்டாமா என்பது சாக்ரடீஸின் மறுமொழி.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திக்கொண்டு, 'பார், ஆபத்தில்தான் வீரம் பிறக்கிறது' என்று கூறிவிடுகின்றனர். ஆனால் பிளேட்டோ நிறுத்தவில்லை. எந்தப் படையெடுப்பு ஆபத்தானது, எது அத்தனை ஆபத்தற்றது என்று தந்தையர் அறிந்திருக்க வேண்டும். வயதாலும் அனுபவத்தாலும் முதிர்ந்தவர்களிடமே பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும். விரைவாகவும் அடக்கமாகவும் ஓடும் குதிரைகளின்மீது பிள்ளைகளை அமர்த்த வேண்டும் என்று அவர் தொடர்கிறார். அக்குதிரைகள் எதற்கு? போரிடுவதற்கு அல்ல, வேண்டியபோது தப்பித்து வருவதற்கு. பிள்ளையை ஆபத்தின் அருகே அழைத்துச் செல்பவன் திரும்பும் வழியையும் உடன் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவன். இதைச் செய்யாதவன் கற்பிக்கவில்லை, சூதாடுகிறான்.

கடலோடியின் துணிவும் வீரனின் துணிவும்

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் தம் அறநூலில் கடலில் நேரும் ஆபத்தைக் குறித்து நுட்பமான ஒரு கருத்தைக் கூறுகிறார். புயலில் வீரனும் கலங்குவதில்லை, கடலோடியும் கலங்குவதில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போன நிலையிலும் வீரன் நிலைகுலைவதில்லை. கடலோடி கலங்காமல் இருப்பதோ, தன் அனுபவத்தால் பிழைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருப்பதால்.

இதைப் படிக்கும்போது கடலோடியின் துணிவு ஒரு படி தாழ்ந்தது போலத் தோன்றும். ஆனால் தந்தை என்ற நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். மகனுக்கு எந்தத் துணிவைக் கொடுக்க அவர் விரும்புவார்? அழகாக இறக்கும் துணிவையா, அறிந்து பிழைக்கும் துணிவையா? கடலில் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்கது அனுபவத்தில் வேரூன்றிய அந்த நம்பிக்கையே.

அந்த அனுபவம் நூலில் கிடைப்பதில்லை. இக்கடற்கரை மீனவர்களிடம் 'கணிச்சம்' என்றொரு கலை உண்டு. கரையிலுள்ள தேவாலயக் கோபுரம், உயர்ந்த மரம், அதற்குப் பின்னே தெரியும் மலைமுடி ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு திசைகளில் அவ்வாறு இரு கோடுகளைப் பிடித்துவிட்டால், அவை சந்திக்கும் இடமே படகு நிற்கும் இடம். கடலடியிலுள்ள பாறைப் பார்களை இவ்வாறே அவர்கள் நினைவில் வைத்திருந்தனர். தந்தை படகில் நின்று சுட்டிக்காட்ட, மகன் கண்ணால் கற்றுக்கொண்டான். இன்று செயற்கைக்கோள் கருவி அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் காற்றின் மாற்றத்தைக் கன்னத்தால் உணர்வதும், அலையின் ஏற்றத்தைக் காலடியில் அறிவதும் படகில் நின்றால்தான் வரும்.

எதற்கு அஞ்சுவது?

பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை எண்ணும்போது அச்சமின்மையை முதலில் வைக்கிறது. அதே கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில், தெளிந்த புத்தி எது என்று கூறுமிடத்தில், அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது என்று பிரித்தறியும் ஆற்றலையும் அதன் இலக்கணமாகச் சேர்க்கிறது. திருவள்ளுவரும் அச்சத்தை முற்றிலும் ஒதுக்கியவர் அல்லர். தக்க இடத்தில் தோன்றும் அச்சத்தை அவர் அறிவின் பக்கத்திலேயே வைத்தார். இவை முரண்பட்டவை அல்ல. எதற்கும் அஞ்சாதவன் அச்சமற்றவன் ஆகிவிடுவதில்லை. அவன் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை, அவ்வளவே.

கடல் இதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது. நடுக்கடலில் மலைபோல் எழும் அலை பார்ப்பதற்கு அச்சம் தரும். ஆனால் உடையாத அலைமீது அணியத்தை நேராக வைத்திருக்கும் படகு ஏறி இறங்கிவிடும். கரையை நெருங்கும்போது, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்திற்கு வந்ததும் அலை உடைகிறது. படகுகள் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள முதலப்பொழித் துறைமுக வாயிலில் இவ்வாறு கவிழ்ந்து உயிரிழந்த மீனவர் பலர். வீட்டு விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், 'வந்து சேர்ந்துவிட்டோம்' என்று மனம் தளரும் நேரத்தில், மிகப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது.

'கள்ளக்கடல்' என்றொன்றும் உண்டு. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் எழும் புயல்கள் அனுப்பும் நெடிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் கரையைத் தாக்குகின்றன. திருடனைப் போல வருவதால் மீனவர் இட்ட அப்பெயரை, 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. அச்சுறுத்தும் தோற்றமே இல்லாமல் வருவது அது. ஆகவே அச்சம் வரும்போது அஞ்சுவது போதாது. அச்சத்தையும் கற்க வேண்டியிருக்கிறது.

அஞ்சத்தக்கவை வெளியே மட்டும் இல்லை. புத்தரின் முற்பிறவிக் கதைகளுள் ஒன்று சுப்பாரகர் என்ற மாலுமியைப் பற்றியது. பருகச்சம், அதாவது இன்றைய குஜராத்தின் பரூச், என்னும் துறைமுகத்தில் மாலுமித் தலைவரின் மகனாகப் பிறந்து, பதினாறு வயதிலேயே கடற்கலையில் தேர்ந்து, பின்னர் உப்புநீரால் கண்பார்வை இழந்தவர் அவர். வணிகர்களுடன் சென்ற பயணத்தில் வைரங்கள் நிறைந்த கடல் ஒன்றைக் கப்பல் அடைகிறது. செய்தியை வணிகரிடம் கூறினால் பேராசையால் அளவின்றி ஏற்றிக் கப்பலையே மூழ்கடித்துவிடுவார்கள் என்று எண்ணி, மீன்பிடிப்பவர் போல வலையிட்டு அளவாக அள்ளிக்கொள்கிறார். மற்றவர்கள் அலைக்கு அஞ்சியபோது அவர் ஆசைக்கு அஞ்சினார்.

வலையை அறுக்கும் கணம்

இப்போது நள்ளிரவில் தவிக்கும் அப்படகுக்குத் திரும்புவோம். வலை அணியத்தில் கட்டப்பட்டிருப்பதால், அதுவே ஒரு நங்கூரம் போலப் படகைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் நீரோட்டமும் அலையும் வலுத்துவிட்டால் அதே வலை அணியத்தைக் கீழே இழுக்கும். இழுத்து ஏற்ற நேரமில்லை. கடன் வாங்கி வாங்கிய வலை அது. அதை அறுத்துவிட்டு இயந்திரத்தை முடுக்கித் திரும்புவதா, விடியும்வரை தாக்குப்பிடிப்பதா?

புயலில் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியை அரிஸ்டாட்டிலும் எடுத்துக்காட்டுகிறார். யாரும் விரும்பி அப்படிச் செய்வதில்லை. ஆனால் அறிவுள்ள எவரும் தம் உயிரையும் உடனிருப்போர் உயிரையும் காக்க அதைச் செய்வர் என்கிறார். விரும்பாத ஒன்றைத் தெளிந்து தேர்ந்தெடுக்கும் செயல் அது.

அத்தகைய கணத்தில், இருட்டில் மகன் இவ்வாறு கேட்கலாம்: "அப்பா, உங்களுக்குப் பயமா இருக்கா?"

இரண்டு விடைகள் சாத்தியம். 'ஆம்பிளைக்கு என்னடா பயம்!' என்பது ஒன்று. அவ்விடையைக் கேட்ட மகன் தன் நடுக்கத்தைக் குறையென்று எண்ணி மறைக்கக் கற்றுக்கொள்வான். ஒருநாள் தன் மகனை அழைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல் இருப்பான். மற்றொரு விடை: "இருக்கு மக்களே. அதனாலதான் வலையை அறுக்கப்போறேன். நீ விளக்கைப் பிடி."

இரண்டாம் விடையில் ஒரு கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. தந்தை தம் அச்சத்தை மறைக்கவில்லை. அச்சத்திடம் சரணடையவும் இல்லை. அது கூறிய செய்தியைக் கேட்டு, செய்ய வேண்டியதை முடிவுசெய்து, மகனுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுத்தார். கையில் விளக்கைப் பிடித்திருப்பவனுக்குக் கை நடுங்கலாம். அதனால் விளக்கின் ஒளி குறைந்துவிடுவதில்லை. மகன் மறுநாள் வெறுங்கையுடன் கரையேறலாம். ஆனால் பொருளைவிட உயிர் பெரிது என்பதைச் சொல்லால் அல்லாமல் செயலால் தந்தையிடம் கற்றிருப்பான். அப்பாடத்தை அவன் வேறெங்கும் கற்க இயலாது.

ஆகவே நம் வினாவுக்கு விடை இதுதான். ஆபத்துக்கு அழைத்துச் சென்றாரா, வீட்டில் வைத்துக் காத்தாரா என்பதைக் கொண்டு தந்தையின் அன்பை அளக்க முடியாது. ஆபத்தின் முன் தாம் முடிவெடுக்கும் விதத்தை மறைக்காமல் பிள்ளைக்குக் காட்டினாரா, திரும்பும் வழியைத் திறந்து வைத்தாரா என்பவையே அளவுகோல்கள். புறப்படும் முன்பே வானிலை அறிக்கையைக் கேட்டு 'இன்று வேண்டாம்' என்று படகைக் கரையில் கட்டிய தந்தையும் அதே பாடத்தைத்தான் கற்பிக்கிறார். அன்றிரவு அதைவிடச் சிறந்த பாடம் கடலில் கிடைத்திராது.

கரையிலிருப்போரின் கடமை

ஒரு நேர்மையான மறுப்பு எழலாம். 'திரும்பிவிடு' என்று கூறுவது உங்களுக்கு எளிது. அன்றைய எண்ணெய்ச் செலவும் வலைக்கடனும் தலைமேல் நிற்பவனுக்குத் திரும்புவது எளிதா? இம்மறுப்பு சரியானது. வசதியுள்ளவனுக்கு விவேகமாக இருப்பது ஏழைக்கு அன்றைய பட்டினியாக இருக்கிறது. ஒருவன் திரும்ப இயலாத நிலையைச் சமூகமே உண்டாக்கிவிட்டு, அவன் திரும்பவில்லை என்று பழிப்பது அறமாகாது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரி முனையருகே விரைந்து வலுப்பெற்றபோது, எச்சரிக்கை தங்களை எட்டுவதற்கு முன்பே கடலுக்குச் சென்றுவிட்ட கேரள, குமரி மாவட்ட மீனவர் பலர் கடலில் சிக்கினர். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களிடம் அனுபவம் குறைவாக இல்லை. கரையிலிருந்து வர வேண்டிய சொல் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. அதன்பின் தொலைகடலிலும் எச்சரிக்கைச் செய்தியைப் பெற உதவும் 'நாவிக்' கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. உரிய நேரத்தில் செய்தி, பாதுகாப்பான துறைமுக வாயில், கடலுக்குச் செல்லாத நாளிலும் அடுப்பெரிய வழி ஆகிய மூன்றும் கரை செலுத்த வேண்டிய கடன்கள். பிளேட்டோ பிள்ளைகளுக்குக் கேட்ட குதிரை இதுவே.

கற்ற துணிவு எங்கே செல்கிறது?

ஒக்கிக்குப் பிறகு ஓராண்டுகூட நிறைவடையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலையே பாராத ஊர்களுக்குச் சென்றனர். 600-க்கும் மேற்பட்ட படகுகளில் அவர்கள் காப்பாற்றியோர் சுமார் 65,000 பேர் என்பது கேரள அரசின் கணக்கு. ஒரு மீனவர் நீரில் குனிந்து, பெண்கள் படகிலேறத் தம் முதுகையே படியாக்கிய காட்சியை நாடே கண்டது.

சுழலும் நீரில் படகை நிறுத்தும் திறமையை அவர்கள் எங்கே கற்றனர்? ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு தந்தையின் அருகில் நின்று கற்றனர். அத்தந்தையர் எவரும் வெள்ளத்தை எண்ணிக் கற்பிக்கவில்லை, பிழைப்புக்காகக் கற்பித்தனர். முன்பின் அறியாதவரின் உயிரைக் காக்க அது பயன்பட்டது. அச்சத்தை அறிந்தவனுக்கே பிறர் அச்சம் புரிகிறது. கூரைமேல் நின்று கைநீட்டும் முதியவளின் நடுக்கத்தை அவன் எள்ளுவதில்லை.

நம்மில் பலர் கடலுக்குச் செல்வதில்லை. ஆனால் நம் வீடுகளிலும் புயலடிக்கும் இரவுகள் வருகின்றன: வேலையிழப்பு, நோய், கடன், நெருங்கியவரின் மரணம். அந்நேரங்களில் 'ஒன்றுமில்லை, நீ போய்ப் படி' என்று பிள்ளையை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கம். அதுவும் அன்புதான். எனினும் கதவுக்கு அப்பாலிருந்து பெற்றோரின் தாழ்ந்த குரலைக் கேட்கும் பிள்ளைக்கு அச்சம் குறைவதில்லை. அச்சத்தை என்ன செய்வது என்பதே தெரியாமல் போகிறது. அதன் வயதுக்குத் தாங்கும் அளவில் உண்மையைக் கூறி, 'எங்களுக்கும் கவலையாகத்தான் இருக்கிறது; இன்னது செய்யப்போகிறோம்; நீ இதைச் செய்' என்று ஒரு சிறு பொறுப்பையும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளையின் முதுகு நிமிர்வதைக் காண்பீர்கள்.

புயல்களைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கும் ஆற்றல் எந்தப் பெற்றோருக்கும் இல்லை. நாம் இல்லாத இரவுகளிலும் அவர்கள் படகு செலுத்த வேண்டியிருக்கும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவும், அஞ்சியபடியே செய்ய வேண்டியதைச் செய்யவும், இழக்க வேண்டியதை இழந்து உயிரோடு கரை திரும்பவும் அவர்கள் நம்மைப் பார்த்தே கற்க வேண்டும். அதைக் கற்பிக்க வாய்ப்பு வரும் நாளில் நம் முகத்தை அவர்களிடமிருந்து மறைக்காதிருப்போமாக.